ஊதாக் கோடு

இரண்டு பான்கேக் தின்பதற்காக அறுபது மைல் பறந்து வந்து, தின்று முடித்து, அறுபது மைல் திரும்பிப் பறக்கிறவர்களுக்கு வேறு ஊர்களில் என்ன பெயரோ தெரியாது. அயோவா மாநிலம் கெல்சோ க்ரீக்கில் அவர்களுக்கு உறுப்பினர்கள் என்று பெயர்.

சோயாபீன் வயல்களுக்கு நடுவில் ஒரு தார்ப்பட்டை, பன்னிரண்டு தகரக் கொட்டகைகள், காற்று எந்தப் பக்கம் என்று காட்ட ஒரு துணிப்பை. விமான நிலையம் அவ்வளவுதான். சனிக்கிழமை காலை ஏழு மணிக்கு முதல் கொட்டகையில் மாவு ஊற்ற ஆரம்பித்துவிடுவார்கள். வருகிறவர்கள் அத்தனை பேரும் தங்கள் வீட்டுக் கார் ஷெட்டில் ஹெலிகாப்டர் கட்டியவர்கள், கட்டிக்கொண்டிருப்பவர்கள், அல்லது மனைவி சம்மதத்துக்குக் காத்திருப்பவர்கள்.

ஓடிஸ் ப்ரூயிட் மூன்றாவது பான்கேக்கில் இருந்தான். பொய் சொல்லத் தெரியாததால் பழைய கார் விற்கிற வேலையை இழந்து, துப்பறியும் தொழிலுக்கு வந்தவன். அவனுடைய முதலாளி வெர்னா டாஃப்ட் எதிரே காபியை மட்டும் வைத்துக்கொண்டு சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தாள். ஐம்பத்தெட்டு வயது. அதில் இருபத்தேழு வருடம் இன்ஷூரன்ஸ் கம்பெனிக்காக, எரிந்த தானியக் கிடங்குக்கும் எரித்த தானியக் கிடங்குக்கும் வித்தியாசம் கண்டுபிடித்தவள்.

"சுவத்துல என்ன பாஸ் இருக்கு? பான்கேக் தட்டுல இருக்கு."

"சாப்பிடு. திங்கக்கிழமை காலைல ஒன்பது மணிக்கு கேலன் வேலை போயிடும். அதுக்குள்ள முடிச்சுடு."

கேலன் ரஸ்க் பள்ளிக்கூடப் பேருந்துகளின் மெக்கானிக். நாற்பத்தொரு மஞ்சள் பேருந்துகளுக்கு அவர்தான் பிரேக் பார்ப்பவர். ஏழு வருடமாகச் சாயங்காலங்களிலும் ஞாயிற்றுக்கிழமைகளிலும் இரண்டு பேர் உட்காரும் ஹெலிகாப்டர் ஒன்றை நட்டு நட்டாக முடுக்கிக் கட்டினார். இருபத்தொரு மணி நேரம் ஒழுங்காகப் பறந்தது. மூன்று வாரத்துக்கு முன்னால் ஒரு ஞாயிற்றுக்கிழமை, பதினைந்தடி உயரத்தில் பெடல்கள் செத்துப்போயின. ஹெலிகாப்டரின் வாலில் இருக்கும் சின்னச் சுழலி ஒழுங்காக வேலை செய்தால்தான் உடம்பு நேராக நிற்கும். அதற்கும் பெடலுக்கும் நடுவே ஒரு முழ நீளத் தண்டு உண்டு. அதன் முனை கழன்றுவிட்டது. இயந்திரம் பம்பரமாகச் சுற்றி சோயாபீனில் விழுந்தது. கேலனுக்கு இடுப்பும் ஒரு காலும் உடைந்தன.

அதிகாரிகள் வந்தார்கள். வயலில் போல்ட் கிடைத்தது. நட்டும், நட்டின் குறுக்கே செருகி மடக்கும் காட்டர் பின்னும் கிடைக்கவில்லை. பின் போட மறந்திருக்கிறார், அதிர்வில் நட்டு கழன்றுவிட்டது என்று எழுதிவிட்டுப் போனார்கள். சொந்த உயிருக்கே பின் போட மறந்தவர் பிள்ளைகள் ஏறும் பேருந்துக்கு என்னத்தை மறப்பாரோ என்று பள்ளி நிர்வாகம் கேட்டது. நியாயமான கேள்விதான். திங்கட்கிழமை விசாரணை. கேலனுக்கு ஆஸ்பத்திரிப் படுக்கையில் வேறு வேலை இல்லாததால், அந்தப் பின்னைப் போட்டோமா இல்லையா என்று யோசித்து யோசித்து, போடவில்லை என்ற முடிவுக்கே வந்துவிட்டார். நம்பாதவள் அவர் மனைவி லவோன் ஒருத்திதான். அவள்தான் வெர்னாவிடம் வந்தாள்.

கொட்டகையின் கோடியில் டெல்மர் ஓஸ்ட்பி எழுந்து நின்று கரண்டியால் கோப்பையைத் தட்டினார். சங்கத் தலைவர். மூன்று ஊரில் மெத்தைக் கடை நடத்தி ஓய்வு பெற்றவர். உடம்பெல்லாம் ஜிப் வைத்த விமானி உடுப்பு. எண்ணிப் பார்த்த ஓடிஸ் பதினான்கு ஜிப் வரை போய்க் கைவிட்டான். கேலன் விழுந்த மறுவாரமே 'ஒரு பின் தரும் பாடம்' என்று சங்க இதழில் நான்கு பக்கம் எழுதியவர் இவர்தான். நான்கு பக்கத்தில் தலைவரின் படம் மூன்று இருந்தது. பின்னின் படம் இல்லை. இன்றைக்கும் பாதுகாப்பு பற்றித்தான் பேசினார். அலட்சியம் ஒரு நோய் என்றார். வானம் மன்னிக்காது என்றார். சிரப் ஆறிக்கொண்டிருந்தது.

ஓடிஸுக்குக் காபி ஊற்ற வெண்டல் ஹாஸ் வந்தார். அறுபத்தாறு வயது, கடற்படையில் ஹெலிகாப்டர் மெக்கானிக்காக இருந்தவர், கேலனின் முப்பது வருட சிநேகிதர். கண் பார்வை குறைந்ததால் பறக்க அனுமதி போய்விட்டது. அதிலிருந்து சனிக்கிழமைகளில் மாவு ஊற்றுகிறார். விபத்துக்குப் பிறகு தினமும் லவோனை நாற்பது மைல் ஆஸ்பத்திரிக்கு ஓட்டிப்போய்க் கூட்டிவந்தவரும் அவர்தான். அந்த இடத்திலேயே ஓடிஸுக்குப் பிடித்த ஒரே மனிதர். தலைவரின் பேச்சுக்கு நடுவே, இந்தச் சாமானில் அப்படி என்னதான் இருக்கிறது, எதற்காக இப்படி உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு ஏறுகிறீர்கள் என்று அவரிடம் தாழ்ந்த குரலில் கேட்டான்.

"ஏரோப்ளேன் ஓடிக்கிட்டே இருக்கணும் தம்பி. நின்னா விழுந்துடும். இது நிக்கும். உன் கையால முடுக்கின நட்டெல்லாம் ஒண்ணு சேர்ந்து உன்னை மூணடி மேல தூக்கி அப்படியே வெச்சிருக்கும். பூமி உன்னை மறந்துட்ட மாதிரி இருக்கும்."

"பூமிக்கு ஞாபகம் வந்துட்டா?"

"அதுக்குத்தான் காட்டர் பின்னு" என்றார் வெண்டல். சிரிக்கவில்லை. கேலன் இன்றைக்கு மத்தியானம் வீடு திரும்புகிறான், அங்கே கொஞ்சம் வேலை பாக்கி இருக்கிறது என்று ஏப்ரனைக் கழற்றிவிட்டுப் போனார்.

வெர்னா இன்னும் சுவரைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். அங்கே ஒரு பலகை. இடப்பக்கம் உறுப்பினர் பெயர்கள், வலப்பக்கம் ஒவ்வொரு பெயருக்கும் நேரே ஒரு வண்ணத் தீற்றல். இது என்ன என்று பக்கத்து மேசைக்காரரைக் கேட்டாள். அவர் வாயில் இருந்ததை விழுங்கிவிட்டுச் சொன்னார். ஒரு நட்டை முடுக்கிச் சரிபார்த்ததும் நட்டிலிருந்து அதன் அடியில் இருக்கும் பாகம் வரை பெயின்ட்டால் ஒரு கோடு இழுப்பார்கள். நட்டு திரும்பினால் கோடு உடைந்து காட்டிக்கொடுக்கும். இந்தச் சங்கத்தில் ஆளுக்கொரு நிறம். அடுத்தவன் நிறத்தைத் தொடுவது அடுத்தவன் பல் விளக்கும் பிரஷ்ஷைத் தொடுவது மாதிரி. கேலனுக்குப் பேருந்து மஞ்சள். தலைவருக்கு ஊதா.

"ராஜாக்கள் நிறம்னு கேட்டு வாங்கிக்கிட்டார்" என்றார் அவர், அடுத்த துண்டை வெட்டியபடி.

கேலனின் கொட்டகைச் சாவியை லவோன் கொடுத்திருந்தாள். உள்ளே தார்ப்பாய்க்கு அடியில் ஏழு வருட உழைப்பு நசுங்கிக் கிடந்தது. அதிகாரிகள் பார்த்து முடித்து, கட்டித் தொங்கவிட்ட நாலைந்து அடையாளச் சீட்டுகளோடு திருப்பிக் கொடுத்திருந்தார்கள்.

வெர்னா தரையில் உட்கார்ந்து நட்டுகளை ஒவ்வொன்றாகப் பார்த்தாள். எல்லா நட்டிலும் பின். எல்லாப் பின்னும் ஒரே மாதிரி: ஒரு கால் மேலே மடங்கி, ஒரு கால் கீழே மடங்கி, வகுப்பில் கை கட்டி உட்கார்ந்த பிள்ளைகள் மாதிரி. எல்லாவற்றிலும் மஞ்சள் கோடு.

"நூத்தி எழுபது நட்டுல நூத்தி அறுபத்தொன்பதுக்குப் பின் போட்டவரு ஒரே ஒரு நட்டுக்கு மறந்துட்டாராம்" என்றாள்.

"எனக்கெல்லாம் ஒரு நட்டுக்குப் பின் போட ஞாபகம் வந்தாலே விழா எடுப்பேன் பாஸ்."

அவளுக்கு உறுத்தியது அது மட்டுமில்லை. பின் இல்லாத நட்டு முதல் இரண்டு மணி நேரத்திலேயே கழன்றிருக்க வேண்டும். இருபத்தொரு மணி நேரம் பொறுமையாக இருந்துவிட்டு அதற்கு ஒரு ஞாயிற்றுக்கிழமை திடீரென்று கழலத் தோன்றியதா? வாலின் அந்த இடம் ஒரு மூடிக்குள் இருக்கிறது. பத்து மணி நேரத்துக்கு ஒரு தடவைதான் திறப்பார்கள். கேலன் விபத்துக்கு முந்தின வியாழக்கிழமை மாலை திறந்து பார்த்து, சரி என்று நோட்டில் எழுதியிருந்தார். அதிகாரிகள் அதை, அவர் பார்க்காமலே எழுதிய சரி என்று எடுத்துக்கொண்டார்கள். வெர்னா அதை, அவர் பார்த்து எழுதிய சரி என்று எடுத்துக்கொண்டால் என்ன ஆகும் என்று யோசித்தாள். வியாழன் மாலைக்கும் ஞாயிறு காலைக்கும் நடுவில் யாரோ அந்த மூடியைத் திறந்திருக்கிறார்கள் என்று ஆகும்.

அந்தத் தண்டைக் கையில் எடுத்து வெளிச்சத்துக்குக் கொண்டுபோனாள். இரண்டு முனையிலும் போல்ட் நுழைகிற கண். கண்ணைச் சுற்றி நட்டு உட்கார்ந்திருந்த இடத்தின் ஓரத்தில் பாதி மஞ்சள் கோடு. மிச்சப் பாதி தொலைந்துபோன நட்டோடு போய்விட்டது. அப்புறம் தண்டை மெதுவாகத் திருப்பினாள். மஞ்சளுக்கு நேர் எதிர்ப்பக்கம், அதே கண்ணின் ஓரத்தில், இன்னொரு பாதிக் கோடு இருந்தது.

ஓடிஸ் குனிந்து பார்த்தான். மெதுவாக விசில் அடித்தான்.

"ராஜாக்கள் நிறம்" என்றான்.

ஒரு தண்டு, இரண்டு நிறம். அந்தத் தண்டு நடுவில் வேறொரு ஹெலிகாப்டரில் போய்க் குடியிருந்துவிட்டு வந்திருக்கிறது.

பிறகு எல்லாம் வேகமாகக் கூடிவந்தது. சங்க இதழை ஓடிஸ் பையிலிருந்து எடுத்தான். விபத்துக்கு முந்தின நாள், சனிக்கிழமைதான் ஆண்டு விழா. நிருபர்கள் வந்திருந்தார்கள். தலைவர் தன் ஹெலிகாப்டரில் எல்லார் தலைக்கும் மேலே நின்று காட்டியிருக்கிறார், முதல் படம் அதுதான். அவருடையதும் கேலனுடையதும் ஒரே கம்பெனிப் பாகங்களை வாங்கிக் கட்டியவை. அன்றைக்குக் கேலன் மாநிலத் தடகளப் போட்டிக்குப் பிள்ளைகளை ஏற்றிப்போன பேருந்தோடு ஊரில் இல்லை.

தலைவரின் கொட்டகை தலைவரைப் போலவே பளபளத்தது. தரைக்குக் கூட வெள்ளைப் பெயின்ட். நடுவில் ஊதாப் பட்டை போட்ட ஹெலிகாப்டர், பக்கத்தில் கண்ணாடிப் பெட்டிக்குள் நானூற்றுப் பன்னிரண்டு படங்கள் கொண்ட ஆல்பம். பாதிக்கு மேல் தன் கையால் கட்டியவனுக்குத்தான் சொந்தத் தயாரிப்பு என்று அரசாங்கம் காகிதம் கொடுக்கும். அதற்குச் சாட்சி இந்த ஆல்பம். பொய்யாக எழுதிக் கையெழுத்துப் போட்டால் ஜெயில் வரைக்கும் போகும்.

தலைவர் வரும்வரை ஓடிஸ் இயந்திரத்தைச் சுற்றி வந்தான்.

"பாஸ், இங்க ஒவ்வொரு பின்னுக்கும் மீசை வெச்சிருக்காங்க."

உண்மைதான். கேலன் போட்டவை மாதிரி மேலும் கீழுமாக இல்லை. ஒவ்வொரு பின்னின் இரண்டு காலும் நட்டின் இரண்டு பக்கமும் வளைந்து, நுனி உள்பக்கம் சுருண்டு, முறுக்கிவிட்ட மீசையாக இருந்தன. ஒன்றுகூடப் பிசகவில்லை. வெர்னா ஆல்பத்தைப் புரட்டிக்கொண்டிருந்தாள். நானூற்றுப் பன்னிரண்டு படத்திலும் தலைவர் ஸ்பேனரைப் பிடித்துக்கொண்டு காமிராவைப் பார்த்துச் சிரித்தார். நானூற்றுப் பன்னிரண்டு படத்திலும் சட்டை வெள்ளையாகவே இருந்தது.

தலைவர் வந்தார். வெர்னா சுற்றி வளைக்கவில்லை. தண்டை மேசையில் வைத்து, ஊதாப் பக்கத்தை மேலே திருப்பினாள்.

அவர் முதலில் வானத்தின் புனிதத்தைப் பற்றி ஆரம்பித்தார். அப்புறம் வக்கீலைப் பற்றிச் சொன்னார். அப்புறம் ஒரு ஜிப்பைத் திறந்து மூடினார். கடைசியில் ஒத்துக்கொண்டார்: விழாவுக்கு முந்தின நாள் தன் தண்டின் கண் ஆட ஆரம்பித்துவிட்டது, கம்பெனியில் கேட்டால் ஒன்பது வாரம் என்றார்கள், பத்திரிகைக்காரர்கள் வேறு வருகிறார்கள். ஒரு காலைப்பொழுதுக்குத்தானே. கேலனுக்குத் தெரியவே போவதில்லை. மத்தியானமே திரும்ப வைத்தாயிற்று.

"பின் இல்லாம."

"அது எனக்குத் தெரியாது."

"தெரியாம எப்படி தலைவரே? கழட்டி மாட்டினது நீங்க. நாலு பக்கம் பாடம் எழுதினதும் நீங்க."

வெர்னா தன் பையிலிருந்து ஒரு போல்ட், ஒரு நட்டு, ஒரு காட்டர் பின், ஒரு குறடு நான்கையும் எடுத்து அவர் முன்னால் வரிசையாக வைத்தாள். மாட்டிக் காட்டச் சொன்னாள்.

ஓடிஸ் தன் வாழ்நாளில் அதைவிடத் துயரமான காட்சியைப் பார்த்ததில்லை. தலைவர் குறட்டை, சர்க்கரைக் கட்டி எடுக்கும் இடுக்கி மாதிரி பிடித்தார். பின்னைத் துளையில் விடாமல் துளைக்குப் பக்கத்தில் குத்தினார். பின் உருண்டு வெள்ளைத் தரையில் விழுந்தது. குனிந்து தேடினார். எழுந்திருக்கும்போது பத்து வயது கூடியிருந்தது.

"எனக்கு மெத்தைதான் தெரியும்" என்றார்.

ஆக, மாட்டியவர் இவர் இல்லை. கட்டியவரும் இவர் இல்லை. ஒரு பொய்யைத் தோண்டப் போய் அதன் அடியில் பெரிய பொய் கிடைத்தது. நான்கு வருடம் வேறொருவர் ரகசியமாகக் கட்டிக்கொடுத்திருக்கிறார். தலைவர் படத்துக்கு மட்டும் நின்றிருக்கிறார். தண்டை இரவல் எடுத்ததும் திரும்ப மாட்டியதும் அந்த ஆள்தான். பெயரைக் கேட்டபோது, தான் வாக்குக் கொடுத்திருப்பதாகச் சொன்னார் தலைவர். அவர் வாழ்க்கையில் காப்பாற்றிய முதல் வாக்காக அது இருக்கலாம், காப்பாற்றினார்.

காரில் ஓடிஸ் சந்தோஷமாக இருந்தான். பெயர் தெரியாவிட்டால் என்ன, கேலன் பின் போட்டார் என்பதற்கு ஊதாக் கோடு போதும், திங்கட்கிழமை விசாரணையில் மெத்தைக்காரரை இழுத்து வந்து நிறுத்தினால் முடிந்தது. போகும் வழியில் லவோனிடம் சொல்லிவிட்டே போகலாம் என்றான். வெர்னா சாலையைப் பார்த்து ஓட்டினாள்.

"ஏன் பாஸ் மூஞ்சி இப்படி இருக்கு? ஜெயிச்சுட்டோம்."

"கேலன் கொட்டகைப் பூட்டு உடையல, ஓடிஸ்."

ஓடிஸ் அதைப் பற்றி யோசிக்க விரும்பவில்லை. யோசிக்காமலே வீடு வந்துவிட்டது.

கேலனின் வீட்டு முன்வாசலில் நாலு படி. அந்தப் படிகளின் ஓரமாகச் சக்கர நாற்காலி ஏறி இறங்கப் புது மரத்தில் ஒரு சரிவுப் பாதை போட்டிருந்தது. வெண்டல் முட்டி போட்டுக் கடைசிப் பலகைக்குக் கீழே என்னவோ செய்துகொண்டிருந்தார். மரத்தூள் வாசனை. வாசல் வலைக்கதவு சாத்தியிருந்தது.

ஓடிஸ் அவருக்கு உதவலாம் என்றுதான் குனிந்தான். பலகைகளைத் தாங்கும் சட்டத்தில் வரிசையாக போல்ட்டுகள். ஒவ்வொரு நட்டுக்கும் காட்டர் பின். ஒவ்வொரு பின்னின் இரண்டு காலும் பக்கவாட்டில் வளைந்து, நுனி உள்பக்கம் சுருண்டிருந்தது.

அவன் நிமிர்ந்தான். வெர்னாவைப் பார்க்கவில்லை. அவள் ஏற்கெனவே பார்த்துவிட்டாள் என்பது தெரிந்தது. நாலு படிச் சரிவுக்கு, அதிர்வே இல்லாத மரச் சட்டத்துக்கு, உலகத்தில் எவனும் பின் போட மாட்டான்.

"ரொம்பப் பத்திரமா கட்டியிருக்கீங்க வெண்டல்" என்றாள் வெர்னா.

"ஆடக்கூடாதில்ல."

வெர்னா பையிலிருந்து தண்டை எடுத்துப் பலகை மேல் வைத்தாள். வெண்டல் அதைத் தொடவில்லை. எந்தப் பக்கம் ஊதா என்று திருப்பிப் பார்க்கவும் இல்லை. கையிலிருந்த குறட்டை மட்டும் கீழே வைத்தார்.

சொல்ல ஆரம்பித்தபோது அவர் குரல் சாதாரணமாகவே இருந்தது. பறக்கும் அனுமதி பறிபோன அதே வருடம்தான் டெல்மர் வந்து கேட்டானாம். பறக்கத்தான் விடமாட்டார்கள், கட்டவாவது ஒன்று கிடைக்கட்டும் என்று ஒத்துக்கொண்டார். நாலு வருடம். தன் பெயர் எதிலும் வரக்கூடாது என்று அவர்தான் வாக்கு வாங்கினார். தெரிந்தால் எந்தக் கொட்டகையிலும் அதன்பிறகு அவரைச் சேர்க்க மாட்டார்கள். கேலனின் கொட்டகைச் சாவி எப்போதும் அவரிடம்தான். அந்தச் சனிக்கிழமை மத்தியானம் தண்டைத் திரும்ப மாட்டி, நட்டை முடுக்கி, பின்னைச் சட்டைப்பையிலிருந்து எடுக்கப் போனபோது, எல்லாரும் குரூப் போட்டோவுக்கு வாருங்கள் என்று டெல்மர் வாசலில் வந்து நின்றான். போனார். சிரித்தார். யாரோ பான்கேக் கொடுத்தார்கள். திரும்பி வந்தபோது நட்டு அதன் இடத்தில் இருந்தது, கை தானாக மூடியைப் போட்டு மூடிவிட்டது.

"ஞாயித்துக்கிழமை காலைல கேலன் விழுந்துட்டான்னு போன் வந்தது. எந்தப் பின்னுன்னு அப்பவே தெரிஞ்சிடுச்சு. சட்டைப்பையில கை விட்டேன். இருந்தது."

"அப்புறம் மூணு வாரம்" என்றாள் வெர்னா.

"சொல்லிடலாம்னுதான் ஒவ்வொரு நாளும் ஆஸ்பத்திரிக்குக் கிளம்புவேன்."

"போய் என்ன சொன்ன?"

கேட்டது வெர்னா இல்லை. வலைக்கதவுக்குப் பின்னாலிருந்து வந்தது குரல். கேலன் மத்தியானம் வருவார் என்றார்கள். பத்து மணிக்கே விட்டு, ஆஸ்பத்திரி வண்டியில் பின்வாசல் வழியாகக் கொண்டுவந்துவிட்டார்கள் போலிருக்கிறது. சக்கர நாற்காலியில், ஒரு கால் முன்னால் நீட்டி, கதவுக்கு உள்ளே இருட்டில் உட்கார்ந்திருந்தார். பின்னால் லவோன். எவ்வளவு நேரமாக இருந்தார்கள் என்று தெரியவில்லை. போதுமான நேரமாக.

வெண்டல் எழுந்து நின்றார்.

"நான் உன்கிட்ட கேட்டேன் வெண்டல்" என்றார் கேலன். கோபமாகச் சொல்லவில்லை, விட்ட இடத்திலிருந்து ஒரு நட்டைத் தேடுகிறவர் மாதிரி சொன்னார். "ரெண்டாவது நாள். மயக்கம் தெளிஞ்சதும். வேற யாரையும் கேக்கல. வெண்டல், வியாழக்கிழமை நீயும் பக்கத்துல நின்னியே, நான் அந்தப் பின்னைப் போட்டேனா, ஞாபகம் இருக்கான்னு கேட்டேன். நீ என் கையைப் பிடிச்சுக்கிட்ட. என்ன சொன்ன?"

வெண்டல் முட்டியில் ஒட்டியிருந்த மரத்தூளைத் தட்டினார்.

"மறதி யாருக்கும் வர்றதுதான், மனசுல போட்டுக்காதேன்னு சொன்ன."

லவோன் உள்ளே போய்விட்டாள். சமையலறையில் குழாய் திறக்கும் சத்தம் கேட்டது.

"பத்தொன்பது ராத்திரி" என்றார் கேலன். "கண்ணை மூடினா அந்த மூடியைத் திறப்பேன். நட்டு இருக்கும். பின் இருக்காது. நீ சொன்னதுக்கு அப்புறம்தான் இருக்காமப் போச்சு. அதுக்கு முன்னாடி இருந்தது."

வெர்னா ஒரு காகிதத்தை எடுத்தாள். வெண்டல் நின்றபடியே, பலகை மேல் வைத்து, நடந்ததை எழுதிக் கையெழுத்துப் போட்டார். பிறகு, இன்னும் ஒரு பலகை பாக்கி இருக்கிறது, அதை முடித்துவிட்டுப் போகட்டுமா என்று கேட்டார். முடித்தார். கடைசி நட்டுக்கும் பின் போட்டு மடக்கிவிட்டு, தன் வண்டியில் ஏறிப் போனார்.

திங்கட்கிழமை காலை எட்டரை மணிக்குக் கேலன் வீட்டு வாசலில் ஒரு மஞ்சள் பள்ளிப் பேருந்து நின்றது. தங்கள் பிரேக்கை யார் பார்க்கிறார் என்று நிர்வாகத்துக்குச் சொல்ல மூன்று டிரைவர்கள் வந்திருந்தார்கள். வெர்னாவின் பையில் ஊதாக் கோடு போட்ட தண்டும் கையெழுத்துக் காகிதமும். தலைவர் முந்தின நாளே உடல்நிலை காரணமாகப் பதவி விலகியிருந்தார். விலகல் கடிதம் இரண்டு பக்கம்.

கேலன் கோட்டும் டையும் போட்டுக்கொண்டு நாற்காலியில் கதவைத் தாண்டி வந்தார். லவோன் பின்னாலிருந்து நாற்காலியைச் சரிவுப் பாதைப் பக்கம் திருப்பினாள். அவர் சக்கரத்தைக் கையால் பிடித்து நிறுத்தினார்.

"படி வழியா" என்றார்.

நாலு படி. அவர், நாற்காலி, காலில் மாவுக்கட்டு எல்லாம் சேர்த்து இருநூற்றைம்பது பவுண்டுக்குக் குறையாது. டிரைவர்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். முன்பக்க இடது மூலை ஓடிஸுக்கு வந்தது. அவன் தன் தொப்பையைப் பார்த்தான், படியைப் பார்த்தான், பக்கத்திலேயே வழவழவென்று கிடந்த புது மரச் சரிவைப் பார்த்தான்.

"சார், நான் மாவு தின்னு வளர்ந்த உடம்பு. இதோ இப்படிப் போனா ரெண்டு நிமிஷம். அது ஆடாது சார், நானே பார்த்தேன்."

"தெரியும் தம்பி" என்றார் கேலன். "அவன் கட்டினது எதுவும் ஆடாது."

இரண்டு கையாலும் நாற்காலியின் பிடியைப் பற்றிக்கொண்டு நேரே பேருந்தைப் பார்த்தார்.

"தூக்குங்க."